பள்ளி ஆண்டும் தாயின் பொழுதும்

இந்தியாவில் ஒரு கல்வியாண்டுக்கு எத்தனை நாள் என்னும் வினாவுக்குச் சட்டத்திலேயே விடை உண்டு. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலைநாள்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் குறைந்த அளவாக இருத்தல் வேண்டும் என்கிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 நாள்கள். 1000 மணி நேரம். ஆசிரியர் வாரத்துக்கு 45 மணி நேரமேனும் பணியாற்ற வேண்டும் என்றும், பாடத்துக்காக முன்கூட்டி ஆயத்தம் செய்யும் நேரமும் அதனுள் அடங்கும் என்றும் அச்சட்டத்தின் அட்டவணை கூறுகிறது. ஆயத்தம் செய்வதும் வேலையே எனச் சட்டம் ஏற்றுக்கொண்டிருப்பது நன்று.

ஆனால், அந்த 220 நாள்களிலும் குழந்தையைப் பள்ளிக்கு ஆயத்தம் செய்து அனுப்புபவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவருடைய நேரம் எந்தப் பள்ளியின் அட்டவணையிலும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் அவர் தாய். இரு குழந்தைகள் படிக்கும் ஒரு வீட்டில் ஆண்டுக்கு 440 உணவுப் பெட்டிகள் நிரப்பப்படுகின்றன. 440 முறை தண்ணீர்க் குடுவைகள் கழுவப்படுகின்றன. தில்லியில் மத்திய அரசுக் குடியிருப்பொன்றில் வாழும் தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அங்கு ஒரு பள்ளி ஆண்டு எவ்வாறு கழிகிறது என்பதைக் காணலாம்.

ஏப்ரல்

கேந்திரிய வித்யாலயாக்கள், இடமாறுதலுக்கு உட்பட்ட மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்காகத் தோன்றியவை. 1963ஆம் ஆண்டில், படைப்பிரிவுகள் இருந்த ஊர்களில் இயங்கிவந்த 20 பள்ளிகளைக் கொண்டு இவ்வமைப்பு தொடங்கியது. தந்தைக்கோ தாய்க்கோ எந்த ஊருக்கு மாற்றல் வந்தாலும் பிள்ளை ஒரே பாடத்திட்டத்தைத் தொடர்ந்து படிக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பாடத்திட்டம் மாறாதிருக்கலாம், மற்ற அனைத்தும் மாறும். மாற்றல் ஆணை வந்ததும் மாற்றுச் சான்றிதழ் பெறுதல், பொருள்களைக் கட்டுதல், புதிய ஊரில் வீடு ஒதுக்கப்படும் வரை தற்காலிகமாக ஓரிடத்தில் தங்குதல், எரிவாயு இணைப்பை மாற்றுதல், பிள்ளையின் தடுப்பூசிச் சீட்டைத் தொலைக்காமல் காத்தல் ஆகிய அனைத்தும் ஒரு சில வாரங்களுக்குள் நடந்தாக வேண்டும். புதிய அலுவலகத்தில் உடனே பணியேற்க வேண்டியவர் கணவராயின், இவற்றில் பெரும்பகுதி மனைவியின் கைக்கே வந்து சேரும்.

ஏப்ரலில் புத்தகங்கள் வாங்கப்படுகின்றன. ஒரு பாடத்தின் புத்தகம் கிடைக்கும். மற்றொன்று இன்னும் அச்சாகவில்லை என்பார்கள். கிடைத்தவற்றுக்குப் பழுப்பு நிற அட்டை போடப்படும். பெயர், வகுப்பு, பிரிவு எழுதிய சிறு தாள் ஒட்டப்படும். சென்ற ஆண்டுச் சீருடையின் கால்சட்டை கணுக்காலுக்கு மேல் ஏறியிருக்கும். மடித்துத் தைத்த விளிம்பைப் பிரித்துவிட்டால் இன்னும் ஆறு மாதம் ஓடும் என்பது தாய் முன்பே போட்டுவைத்த கணக்கு. பல கேந்திரிய வித்யாலயாக்களில் வாரத்தில் ஒரு நாள் சிவாஜி, தாகூர், அசோகர், இராமன் என்னும் இல்லங்களுக்கு உரிய நிறத்தில் மேற்சட்டை அணிய வேண்டும். அந்த நாள் எது என்பதை மறவாதிருப்பவர் பெரும்பாலும் அதை அணியும் பிள்ளை அல்லர்.

காலைப்பொழுது

பள்ளி காலை ஏழரை மணியளவில் தொடங்குமாயின், வீடு ஐந்து மணிக்கு விழித்தாக வேண்டும். தில்லியின் பல பகுதிகளில் குழாய் நீர் காலையிலும் மாலையிலும் குறிப்பிட்ட நேரமே வரும். எனவே முதல் வேலை அடுப்பு மூட்டுதல் அன்று, நீர் பிடித்தல். குடிநீர் ஒரு பாத்திரத்தில், சமையலுக்கு ஒரு பாத்திரத்தில், குளியலறை வாளிகளில் எனப் பிடித்து முடிப்பதற்குள் பால் வாங்க வேண்டிய நேரம் வந்துவிடும்.

அடுத்தது சமையல். காலைச் சிற்றுண்டி, பள்ளி உணவுப் பெட்டி, அலுவலகத்துக்கான மதிய உணவு என மூன்றும் ஒரே அடுப்பில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிய வேண்டும். இங்கு வெளியே தெரியாத வேலை ஒன்று உண்டு. என்ன சமைப்பது என்று முடிவு செய்வதே அது. நேற்று எலுமிச்சைச் சோறு கொண்டுபோனவன் இன்றும் அதையே கொண்டுபோக மாட்டான். தயிர்ச்சோறு வெயில் நாளில் புளித்துவிடும். உடன் படிக்கும் பிள்ளைகள் பராத்தாவும் ஆலுவும் கொண்டுவருவதால் தனக்கும் அதுவே வேண்டும் என்று கேட்பவள், அதைச் செய்து கொடுத்தால் பாதியைத் திருப்பிக் கொண்டுவருவாள். திரும்பி வந்த பெட்டியைத் திறந்து பார்ப்பது ஒவ்வொரு நாளும் தாய் எழுதும் ஒரு தேர்வின் முடிவு போன்றது.

தமிழ்க் குடும்பத்துக்கு வடநாட்டுக் குளிர் தரும் தனித்த தொல்லை ஒன்றையும் இங்குக் குறிப்பிடலாம். இட்லி மாவு புளித்துப் பொங்குவதற்குக் காரணம், அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே உள்ள நுண்ணுயிரிகள். அவற்றுள் முதன்மையானது லியூகோநாஸ்டாக் என்னும் பாக்டீரியா. அது மாவில் உள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. உளுந்தின் பசைத்தன்மை அவ்வாயுவைச் சிறு குமிழ்களாகப் பிடித்துவைத்துக்கொள்கிறது. இது செவ்வனே நடைபெற ஏறத்தாழ 30 பாகை வெப்பம் வேண்டும். சென்னையில் இரவு அரைத்து வைத்த மாவு விடியற்காலையில் பாத்திரத்தை விட்டு வழியும். தில்லியில் சனவரி மாத இரவு வெப்பநிலை 5 பாகை அளவுக்கும் அதற்குக் கீழும் இறங்குவதுண்டு. அப்போது ஒரு நாள் முழுதும் வைத்திருந்தாலும் மாவு அசையாது. ஆகவே, பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி வைத்தல், வெந்நீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி மூடி வைத்தல், உள்விளக்கு மட்டும் எரியும் மின்சூட்டடுப்புக்குள் வைத்தல், அரைக்கும்போதே வெதுவெதுப்பான நீரைச் சேர்த்தல் எனப் பல வழிகளை அங்குள்ள தமிழ்த் தாய்மார் கையாளுகின்றனர். புதிதாக மாற்றலாகி வந்தவருக்கு இவற்றைச் சொல்லித் தருபவர் பெரும்பாலும் அடுத்த வீட்டு மாமி. செவ்வாய்க்கிழமை இட்லி வேண்டுமாயின் ஞாயிற்றுக்கிழமையே உளுந்தை ஊறவைக்க வேண்டும் என்பது குளிர்காலக் கணக்கு.

நடுப்பகல்

பிள்ளைகள் சென்ற பின் தாய்க்கு ஓய்வு கிடைக்கிறது என்று நினைப்பவர் உளர். வேலைக்குச் செல்லும் தாய் பிள்ளைகளுக்குப் பின் கால் மணி நேரத்தில் தானும் புறப்பட்டாக வேண்டும். அவர் அலுவலகத்தில் இருக்கும்போதே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும்: நாளை அட்டையில் செய்த கோள்களின் மாதிரி கொண்டுவர வேண்டும். வேலைக்குச் செல்லாத தாய்க்குத் துணி, பாத்திரம், காய்கறி, முதியவர்களின் மருந்து, வங்கி, மீண்டும் மாலைச் சமையல் என நடுப்பகல் கரைகிறது.

இந்த இரு வகையினரையும் தவிர மற்றொரு வகையினரும் உள்ளனர். அவர்களைப் பாடநூல்கள் அதிகம் பேசுவதில்லை. அரசுப் பள்ளிகளில் மதிய உணவு சமைக்கும் பெண்களே அவர்கள். தமிழ்நாட்டில் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், எம்.ஜி.ஆர். காலத்தில் 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இந்திய நாடு முழுமைக்குமான திட்டம் 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பட்டது. சமைத்த உணவே வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் ஆணையிட்டது. தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், நடுநிலைப் பள்ளிக் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் ஒரு வேளை உணவில் கிடைக்க வேண்டும் என்பது நெறிமுறை. கோடிக்கணக்கான ஏழைத் தாய்மாருக்கு, பள்ளி நாள்களில் பிள்ளை ஒரு வேளை வயிறார உண்ணும் என்னும் உறுதியை இத்திட்டம் அளித்தது. காலையில் கூலி வேலைக்குச் செல்லும் தாய் இதனால் அடைந்த மனநிறைவை எளிதில் அளவிட முடியாது.

அந்த உணவைச் சமைப்பவர்களும் பெரும்பாலும் தாய்மாரே. பலருடைய பிள்ளைகள் அதே பள்ளியில் படிப்பவர்கள். தம் வீட்டுச் சமையலை முடித்துவிட்டுப் பள்ளிக்கு வந்து நூறு குழந்தைகளுக்குச் சமைக்கும் அவர்களுக்கு, மத்திய, மாநில அரசுகள் பகிர்ந்து வழங்கும் மதிப்பூதியமாக மாதம் 1000 ரூபாய் என 2009இல் வரையறுக்கப்பட்டது. அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். பல மாநிலங்கள் தம் நிதியிலிருந்து இதற்கு மேலும் சேர்த்து வழங்குகின்றன. எனினும் சம்பளம் என்னும் சொல்லைத் தவிர்த்து மதிப்பூதியம் என்னும் சொல் தெரிந்தெடுக்கப்பட்டிருப்பதைக் கருதிப் பார்க்க வேண்டும். வீட்டில் பெண் செய்யும் வேலைக்கு ஊதியம் இல்லாத காரணத்தால், அதே வேலையை வெளியில் செய்யும்போதும் அது முழு வேலையாகக் கருதப்படுவதில்லை.

மாலையும் புத்தகப் பையும்

மாலையில் பை திறக்கப்படுகிறது. உள்ளே கசங்கிய தாள்கள், மூடி இல்லாத பேனா, எவருடையது என்று தெரியாத அழிப்பான் ஆகியவற்றுடன் பெற்றோர் கையொப்பம் கேட்கும் சுற்றறிக்கையும் இருக்கும். அது நேற்றே கொடுக்கப்பட வேண்டியதாக இருக்கும். 2020ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கை மீறக் கூடாது என்கிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தையின் பை இரண்டரைக் கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆயினும் கால அட்டவணையைப் பார்த்து நாளைக்கு வேண்டாத புத்தகத்தை வெளியே எடுத்து வைப்பவர் இல்லாவிடில் கொள்கை ஒன்றும் செய்ய இயலாது. அதே கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடமே கூடாது என்றும், மூன்று முதல் ஐந்து வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும், ஆறு முதல் எட்டு வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது என்றும் வரையறுக்கிறது. வீட்டுப்பாடத்துக்குக் குழந்தை செலவிடும் நேரத்தை இவ்விதி அளக்கிறது. அக்குழந்தையை மேசை முன் உட்காரவைப்பதற்குச் செலவாகும் நேரம் இதில் சேராது.

தமிழைச் சொந்த மொழியாகக் கொண்டு வடநாட்டில் வளரும் பிள்ளைகளின் வீட்டில் மாலைப்பொழுதுக்கு மேலும் ஒரு வேலை உண்டு. அக்குழந்தை பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் எழுதுகிறது. விளையாட்டுத் திடலில் இந்தி பேசுகிறது. வீட்டில் தமிழ் பேசுகிறது, ஆனால் எழுதத் தெரிவதில்லை. லகர, ழகர, ளகர வேறுபாட்டைக் காதால் கேட்டு அறிவதற்குச் சுற்றிலும் தமிழ் ஒலிக்கும் சூழல் இல்லை. ஊரிலிருந்து பாட்டி பேசும்போது குழந்தை பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டுகிறது. ஆகவே, அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டே 'வாழை', 'வாளை', 'வாலை' என்று மூன்று சொற்களைச் சொல்லச் செய்து திருத்தும் தாய்மார் பலர். தமிழை விருப்பப் பாடமாக எடுக்கும் மாணவர் பலருக்கு முதல் தமிழாசிரியர் அவரே.

புகையும் தொற்றும்

பள்ளி ஆண்டு எப்போதும் திட்டமிட்டபடி நடப்பதில்லை. நவம்பர் மாதத்தில் தில்லியின் காற்றில் நச்சுப் புகை மிகும்போது பள்ளிகள் மூடப்படுகின்றன. 2024 நவம்பர் 18 முதல் தில்லியில் வகுப்புகள் சில நாள் இணையவழியில் நடைபெற்றன. பள்ளி மூடப்படுவது முதல் நாள் இரவில்தான் அறிவிக்கப்படும். மறுநாள் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டிய தாய், இரவு பத்து மணிக்கு மேல் பக்கத்து வீட்டில் எவரேனும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்களா என்று கேட்க வேண்டியவர் ஆகிறார்.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினால் நாடு முழுதும் பள்ளிகள் மூடப்பட்டபோது, இதே நிலை நாள் கணக்கைக் கடந்து மாதக் கணக்கில் நீடித்தது. வீடே பள்ளியாகவும் அலுவலகமாகவும் ஆயிற்று. ஒரே ஒரு திறன்பேசி உள்ள வீட்டில் இரு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. எழுத்தறிவு குறைந்த தாய்மார், தமக்குப் பழக்கமில்லாத செயலிகளைப் பிள்ளையிடமே கேட்டு அறிந்து, அப்பிள்ளையின் வருகையைப் பதிவு செய்தனர். பள்ளி இல்லாதபோதுதான் பள்ளி நாள்தோறும் எவ்வளவு நேரம் பிள்ளையை ஏற்றுக்கொள்கிறது என்பது பல வீடுகளுக்குத் தெரிந்தது. தாய் அதைச் சுற்றி எவ்வளவு வேலை செய்கிறார் என்பது அதே அளவுக்குத் தெரிந்ததாகச் சொல்ல முடியாது.

நேரத்தை அளந்தபோது

வீட்டு வேலை எவ்வளவு என்று அளக்க முடியுமா? முடியும். தேசிய புள்ளியியல் அலுவலகம் நடத்தும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதற்காகவே அமைந்தது. 1998-99இல் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் முன்னோடி முயற்சியாக இது நடத்தப்பட்டது. நாடு தழுவிய முதல் கணக்கெடுப்பு 2019இலும், இரண்டாவது 2024இலும் நடைபெற்றன. கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்து, முந்தைய நாள் விடியற்காலை நான்கு மணி முதல் அன்று விடியற்காலை நான்கு மணி வரையான 24 மணி நேரத்தை அரைமணி அரைமணியாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன செய்தீர்கள் என்று கேட்பார். ஓர் அரைமணியில் பல செயல்கள் நடந்திருந்தால், பத்து நிமிடமேனும் நீடித்த செயல்களுள் மூன்று வரை பதிவாகும்.

இம்முறையின் சிறப்பும் குறையும் தாயின் காலைப்பொழுதை வைத்துப் பார்த்தால் விளங்கும். சாம்பாரைக் கிளறிக்கொண்டே ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்பது இரு செயல்களாகப் பதிவாகலாம். ஆனால் இரண்டு நிமிடம் காலுறை தேடியது, மூன்று நிமிடம் தலை பின்னியது, ஒரு நிமிடம் கையொப்பமிட்டது ஆகியவை பத்து நிமிடத்தை எட்டாததால் தனித்தனியே ஏட்டில் ஏறுவதில்லை. நாளை மறுநாள் என்ன சமைப்பது என்று பேருந்தில் நின்றபடி எண்ணியது பயணமாகவே பதிவாகும்.

அப்படியிருந்தும் கிடைத்த எண்கள் சிறியவை அல்ல. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபட்ட 6 வயதும் அதற்கு மேலும் உடைய பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிட்டனர். அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 88 நிமிடம். 2019இல் இவ்வெண்கள் முறையே 299, 97 ஆக இருந்தன. ஐந்து ஆண்டுகளில் பெண்களின் நேரம் பத்து நிமிடம் குறைந்தது. ஆண்களின் நேரமும் கூடவில்லை, ஒன்பது நிமிடம் குறைந்தே இருக்கிறது. ஆறு வயதுச் சிறுமியும் இக்கணக்கில் இடம்பெறுகிறாள் என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் வீட்டு வேலைக்கு 305 நிமிடம் ஆகிறது. குடும்பத்தில் உள்ள குழந்தைகளையும் முதியோரையும் கவனித்துக்கொள்ளும் பணியில் இவ்வயதுப் பெண்களுள் 41 விழுக்காட்டினர் ஈடுபட்டு, நாளுக்கு 140 நிமிடம் செலவிட்டனர். ஆண்களுள் ஈடுபட்டோர் ஏறத்தாழ 21 விழுக்காடு; அவர்கள் செலவிட்டது 74 நிமிடம். பெண்களின் இரு சராசரிகளையும் கூட்டினால் ஏறத்தாழ ஏழரை மணி நேரம் வருகிறது. புள்ளியியல் நுட்பப்படி இவ்வாறு கூட்டுதல் முற்றிலும் சரியன்று. எனினும் இரண்டு பணிகளையும் செய்யும் ஒரு தாயின் நாள் எத்தகையது என்பதை ஒருவாறு உணர இது உதவும். அது ஓர் அலுவலகத்தின் வேலை நேரத்துக்கு ஈடாகும். இதில் ஞாயிற்றுக்கிழமை விலக்கு இல்லை.

நீதிமன்றங்களும் இவ்வேலையின் மதிப்பைக் கணக்கிட வேண்டிய நிலை நேர்ந்துள்ளது. விபத்தில் இல்லத்தரசி ஒருவர் இறந்தால் அக்குடும்பத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதே வினா. 1989 மார்ச் 3 அன்று ஜாம்ஷெட்பூரில் ஒரு விழாவில் ஏற்பட்ட தீ விபத்தில் பெண்களும் குழந்தைகளும் பலர் இறந்தனர். அவ்வழக்கில் 2001இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இல்லத்தரசியின் பணிக்கு மாதம் 3000 ரூபாய் என மதிப்பிட்டது. 2010இல் மற்றொரு வழக்கில், 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சையெடுப்போர், சிறைவாசிகள் முதலியோருடன் சேர்த்து 'வேலை செய்யாதோர்' என வகைப்படுத்தியதை அந்நீதிமன்றம் கடுமையாகக் குறை கூறியது. 2021 சனவரியில் வழங்கிய தீர்ப்பொன்றில், மேற்கண்ட 2019ஆம் ஆண்டின் நேரக் கணக்கையே நீதிபதி எடுத்துக்காட்டினார். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 கோடிப் பெண்கள் வீட்டு வேலையே தம் முதன்மைப் பணி என்று கூறினர் என்பதும், அவ்வாறு கூறிய ஆண்கள் ஏறத்தாழ 58 இலட்சம் பேர் என்பதும் அத்தீர்ப்பில் இடம்பெற்றன. ஒரு தாயின் வேலைக்கு விலை குறிப்பது அவர் இறந்த பின்னரே நடைபெறுகிறது என்பது இவ்வழக்குகளைப் படிப்போரை வருத்தும் செய்தி.

கையொப்பம்

பள்ளி ஆண்டு முழுதும் தாய் இடும் கையொப்பங்கள் பல. முன்னேற்ற அறிக்கை, சுற்றுலா அனுமதி, விடுப்புக் கடிதம், தடுப்பூசி இசைவு என அவை நீளும். ஆனால் நெடுங்காலம் பல அலுவலகப் படிவங்களில் 'காப்பாளர்' என்னும் இடத்தில் தந்தையின் கையொப்பமே கேட்கப்பட்டது. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை என்றும், 'அவருக்குப் பின்' தாய் என்றும் கூறியதே அதற்குக் காரணம். எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் பத்திரம் வாங்க விண்ணப்பித்தபோது தந்தையின் கையொப்பம் வேண்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. 'அவருக்குப் பின்' என்பதைத் தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் கொள்ளலாகாது. தந்தை பொறுப்பை ஏற்காத நிலையிலும் தாய் இயற்கைக் காப்பாளர் ஆவார் என்று அது விளக்கியது. கல்வி உரிமைச் சட்டமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரோ காப்பாளரோ ஆக இருத்தல் வேண்டும் என்றும், உறுப்பினருள் பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. குழுக் கூட்டம் வேலைநாளின் முற்பகலில் கூட்டப்பட்டால் கூலி வேலைக்குச் செல்லும் தாய் எவ்வாறு வருவார் என்பதை விதி கூறவில்லை.

தேர்வுக் காலம்

பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் தொடங்குகின்றன. வீட்டில் தொலைக்காட்சியின் ஒலி குறைகிறது. விருந்தினர் வருகை தள்ளிவைக்கப்படுகிறது. இரவு பதினொரு மணிக்குப் பிள்ளை படித்துக்கொண்டிருந்தால் தாயும் விழித்திருக்கிறார். அவருக்கு அந்த இயற்பியல் தெரியாதிருக்கலாம். பக்கத்தில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பார். இன்னோர் அறையில் இளைய குழந்தை உறங்காமல் கதை கேட்கும். தேர்வு நாளன்று நுழைவுச் சீட்டு பையில் உள்ளதா என்று மூன்று முறை பார்க்கப்படும். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லத் தமிழ்நாடு விரைவு வண்டியில் இடம் பதிவு செய்வதும் இக்காலத்தை ஒட்டியே நினைவில் வைக்க வேண்டிய வேலை. 2024 நவம்பர் முதல் பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகவே முன்பதிவு தொடங்குகிறது. அந்தக் காலை எட்டு மணியைத் தவறவிட்டால் காத்திருப்போர் பட்டியலே கிடைக்கும்.

மத்திய அரசுப் பணியில் உள்ள தாய்மாருக்கு இக்காலத்தில் உதவும் விதி ஒன்று உண்டு. ஆறாவது ஊதியக் குழுவின் பரிந்துரையின்படி 2008இல் குழந்தை பராமரிப்பு விடுப்பு அறிமுகமானது. பணிக்காலம் முழுமைக்கும் 730 நாள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருவர் வரை இதனைப் பயன்படுத்தலாம். குழந்தையை வளர்த்தல், நோய் ஆகியவற்றுடன் தேர்வையும் இவ்விடுப்புக்கு உரிய காரணமாக 2008ஆம் ஆண்டு ஆணையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பிள்ளையின் தேர்வு தாயின் வேலையும் ஆகும் என்பதை ஓர் அரசு ஆணை ஒப்புக்கொண்ட அரிய இடம் இது. முதல் 365 நாளுக்கு முழு ஊதியமும், அடுத்த 365 நாளுக்கு நூற்றுக்கு எண்பது பங்கு ஊதியமும் வழங்கப்படும். கடையில் கணக்கெழுதும் தாய்க்கும், பிறர் வீட்டில் பாத்திரம் துலக்கும் தாய்க்கும் இவ்விதி பொருந்தாது. அவர்கள் தேர்வு நாளில் விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி இல்லை.

இவ்விடுப்பு 2018 முதல் மனைவியை இழந்த, மணமுறிவு பெற்ற, அல்லது மணமாகாத தந்தைக்கும் நீட்டிக்கப்பட்டது. மனைவியுடன் வாழும் தந்தை தம் மகளின் தேர்வுக்காக வீட்டில் இருக்க விரும்பினால், தம்முடைய ஈட்டிய விடுப்பிலிருந்தே அந்நாள்களை எடுத்துக்கொள்ள வேண்டும்.